சித்தி இழுத்த பன்னிரண்டு மீட்டர் வயர்

முப்பது வருடமாக ஊராருக்கு மனு டைப் அடித்துக் கொடுப்பவள் என் சித்தி. பென்ஷன் வரவில்லை, குழாயில் தண்ணீர் வரவில்லை என்று யார் வந்து புலம்பினாலும் அரைமணியில் கச்சிதமான மனு தயார். தனி ஆள். அந்த வேலைதான் அவளுக்குச் சோறும் துணையும். வாய் மட்டும் கொஞ்சம் நீளம். சத்தம் தலைவலி என்று பிரிண்டரைப் பின்னறைக்கு நாடு கடத்தினாள். மூன்று யூ.எஸ்.பி. வயர்களை ஒன்றோடொன்று கோத்து, சுவரோரமாக டேப் ஒட்டி இழுத்தவளும் அவளேதான்.

போன மாதம் கூப்பிட்டாள். "பின்னறையில தானா பேப்பர் வருதுடி. நான் அனுப்பவே இல்ல."

நான் போனதும் தாளைக் காட்டினாள். 'ஐயா, என் நாற்காலியில் என்னைப் போலவே ஒருத்தி உட்காருகிறாள். அவளை எழுப்பிவிட வேண்டுகிறேன்.' சித்தியின் அதே நடை. கீழே, அவள் வழக்கமாகப் போடுவது போல் தேதியும் நேரமும்.

"எனக்கு மூளை குழம்பிடுச்சா? மறைக்காம சொல்லு."

"குழம்பினது வயரு. அஞ்சு மீட்டரைத் தாண்டினா சிக்னல் தடுமாறும். அனுப்பினது நடுவுல நின்னுட்டு எப்பவோ வெளிய வரும். யாருக்கோ அடிச்சுக் குடுத்ததை நீ மறந்திருப்ப."

பழியை வயர் மேல் போட எனக்கு அவ்வளவு ஆசை.

மறுநாள் காலையிலேயே போய்ப் பழைய வயர்களைக் கழற்றினேன். வழியில் சிக்னலைத் தூக்கிவிடும் ரிப்பீட்டர் வைத்த ஒரே வயரை மாட்டினேன். கம்ப்யூட்டரில் பிரிண்ட் ஆகாமல் தேங்கிக் கிடந்ததையெல்லாம் அழித்தேன். சோதனைத் தாள் சட்டென்று வந்தது.

"இனிமே பேய் வராது சித்தி."

சிரித்தாள். நான் டீ போடப் போனேன்.

கிளாசோடு திரும்பியபோது அவள் டைப் அடித்துக்கொண்டிருந்தாள். திரையில், 'ஐயா, அவள் இன்னும் எழுந்திருக்கவில்லை' என்று இருந்தது. பின்னறையில் பிரிண்டர் ஓடியது. வயரில் ஒரு கோளாறும் இல்லை.

சித்தி நிமிர்ந்து பார்த்தாள். புது ஆளைப் பார்க்கிற மரியாதையான பார்வை.

"உக்காருங்கம்மா. யாருக்கு மனு எழுதணும்?"

கிளாசை மேசையில் வைத்தேன். உட்கார்ந்தேன்.

"எங்க சித்திக்கு. என்னை மறந்துடாதீங்கன்னு எழுதுங்க."

விரல்கள் கடகடவென்று ஓடின. நடுவில் நின்றன.

"உங்க சித்தி பேரு என்னம்மா?"