பூவெட்டுப் பலகை

எழுபத்தெட்டாம் வருசச் சூறாவளி கல்முனையில் எத்தனையோ கூரைகளைத் தூக்கிக்கொண்டு போனது. வயற்காணிக்காரர் அபுல் ஹஸன் போடியாருக்குப் போனது பங்களாவின் முகப்பு. வெள்ளைக்காரன் காலத்தில் அவருடைய வாப்பா கட்டிய வீடு. மற்றவர்கள் தகரத்தையும் அஸ்பெஸ்டசையும் போட்டு மழையைச் சமாளித்தார்கள். இந்த மனுசனுக்கு அது சரிவரவில்லை. முன்பு இருந்தது இருந்தபடியே வர வேண்டுமாம்! அப்படியொரு பிடிவாதக்காரர்.

மட்டக்களப்பில் அதே காலத்துப் பங்களா ஒன்று தப்பியிருப்பதாகக் கேள்விப்பட்டு பஸ் ஏறினார். ஏணி வைத்து ஏறி, கூரை விளிம்பில் தொங்கிய பூவெட்டுப் பலகையில் பழைய பேப்பரை ஒட்டிப் பிடித்து, பென்சிலால் ஓரம் வரைந்து சுருட்டிக்கொண்டு வந்தார். தச்சன் குணம் அதைப் பார்த்துப் பலகை வெட்டினார். உருண்டைத் தூணுக்குச் சீமெந்து ஆகாது, சுண்ணாம்புச் சாந்துதான். கதவின் பச்சையை மூன்று தரம் மாற்றி அடிக்க வைத்தார்.

"இது ஊடா, மாப்பிள்ளையா போடியார்? இந்தச் சோடின சோடிக்கிறீங்க!" என்று குணம் சிரிப்பார். முடிக்க நாலு வருசம் பிடித்தது.

எண்பத்து மூன்றில் மகள் நபீலாவுக்குக் கலியாணம். தாய் மௌத்தான பிறகு அவர் தனியே வளர்த்த ஒரே பிள்ளை. ஊர் வழக்கப்படி வீட்டை அவள் பேருக்கு எழுத வேண்டும். கையெழுத்து வைக்குமுன் அவர் கேட்டது ஒன்றுதான்.

"முகப்புல மட்டும் கை வைக்கப்படாது மகள்."

"அல்லாவறிய வைக்க மாட்டன் வாப்பா."

அடுத்த வருசம் மருமகன் முனாப் சவூதியிலிருந்து லீவில் வந்தான். அறுவடைக் காலம். "நீங்க வட்டைக்குப் போய் நில்லுங்க வாப்பா, கூலிக்காரன நம்பேலாது" என்று மகளே சோறு கட்டிக் கொடுத்து அனுப்பினாள். சம்மாந்துறை வயலில், வாடிக் குடிசையில் ஒரு மாதம் கிடந்து, நெல்லை மில்லுக்கு ஏற்றிவிட்டுச் சைக்கிளில் வந்தவர் வாசல் படலையடியில் அப்படியே நின்றார்.

தூண் இல்லை. பலகை இல்லை. கொங்கிறீட் தட்டும் இரும்புக் கிறிலும் நின்றன. பின்பக்கம் புகை வந்தது. போய்ப் பார்த்தால், குசினி அடுப்புக்குள் பூவெட்டுப் பலகை எரிகிறது.

"இதுக்கா மகள் என்ன வட்டைக்கு அனுப்பின?"

நபீலா தலையைக் குனிந்தாள். "ஓம் வாப்பா. நீங்க நிண்டா உடமாட்டீங்களே. இப்ப எல்லாரும் இப்பிடித்தானே கட்டுறாங்க."

மருமகனை அவர் ஒரு சொல் ஏசவில்லை. அவன் பிறத்தியான். பெற்ற மகளல்லவா கழுத்தறுத்துவிட்டாள்! அவள் கட்டிக் கொடுத்த சோறும் இதற்குத்தானா!

சங்கடத்தை மாற்றவோ என்னவோ, அவள் மெல்லக் கேட்டாள்: "கிறிலுக்கு என்ன நிறம் அடிச்சா நல்லம் வாப்பா? உங்களுக்குத்தானே அதெல்லாம் தெரியும்."

"பலகையக் கழட்டக்குள்ள கேட்டியா மகள்?"

சைக்கிளைத் திருப்பினார். கல்முனையில் அவருக்கென்று இனி வேறு வீடு கிடையாது. வயல் வாடிக்கே போனார்.