கடைசிப் பாத்திரம் கழுவும் வரை

பதினேழாம் நம்பர் பஸ்ஸின் டிரைவருக்கு டெப்போவில் 'உறுமல்' என்று பேர். இன்ஜின் உறுமுவதை வைத்து வந்த பேர் இல்லை. யாராவது வணக்கம் சொன்னால் பதிலுக்கு அவர் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வரும், அதை வைத்து வந்தது. இருபத்தாறு வருஷமாக ஸ்டீரிங் பிடிக்கிறார். ஆஸ்பத்திரிக்கும் ரயில் நிலையத்துக்கும் நடுவே நாளைக்குப் பத்து நடை. வழியில் பள்ளிக்கூடம் இரண்டு, மார்க்கெட் ஒன்று, எப்போது பார்த்தாலும் தோண்டிப் போட்டிருக்கும் ரோடு ஒன்று. ஆஸ்பத்திரிக்குப் போகிறவனுக்கு அவசரம். ரயிலுக்குப் போகிறவனுக்கு அதைவிட அவசரம். அத்தனை பேர் அவசரமும் டிரைவர் தலையில்தான் வந்து விடியும்.

"யோவ் டிரைவர், தூங்கிட்டே ஓட்டுறியா?" என்று பின்னாலிருந்து ஒருத்தன் கத்துவான். இரண்டு நிறுத்தம் தாண்டினால் இன்னொருத்தன், "மெதுவாப் போயா, புள்ளகுட்டி இருக்கு எங்களுக்கு" என்பான். இரண்டு பேருக்கும் அவர் பதில் சொன்னதில்லை. வாயைத் திறந்தால் மூட முடியாது என்று அவருக்கே தெரியும். எல்லாவற்றையும் விழுங்கிக்கொண்டு சாயங்காலம் ஐந்து மணிக்கு வண்டியை டெப்போவில் விடுவார். விழுங்கியது எங்கேயாவது இறங்க வேண்டுமே?

சமையலறைத் தொட்டியில் இறங்கும்.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் மனைவி குளியலறையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். ஒன்றரை மாதம் மாவுக்கட்டு. வேறு வழியில்லாமல் டிரைவர் பாத்திரம் தேய்க்க இறங்கினார். முதல் வாரம் கைதவறி மூன்று கண்ணாடி டம்ளர் போனது. இரண்டாவது வாரம் ஒன்றும் உடையவில்லை. மூன்றாவது வாரம், தேய்த்து முடித்துக் கையைத் துடைக்கும்போதுதான் அவருக்கு உறைத்தது, காதுக்குள் நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்த ஹாரன் சத்தத்தைக் காணோம் என்று. மனைவிக்குக் கட்டைப் பிரித்தார்கள். டிரைவர் தொட்டியை விடவில்லை.

அதற்கென்று ஒரு முறை வைத்திருந்தார். வந்ததும் அடிபிடித்த பாத்திரத்தில் வெந்நீரை ஊற்றி ஓரமாக ஊறப் போடுவார். முதலில் கண்ணாடி டம்ளர்கள். கையில் எண்ணெய்ப் பிசுக்கு ஏறும் முன் அவற்றை முடித்துவிட வேண்டும். அப்புறம் தட்டுகள். அப்புறம் கரண்டிகள், கைப்பிடி கைப்பிடியாக. கடைசியில் ஊறிக் கிடக்கிற பாத்திரம். கம்பி நார் போட்டு அதன் அடிவயிற்றைத் தேய்க்கும்போது, காலையிலிருந்து திட்டினவன் ஒவ்வொருத்தனாக நினைவுக்கு வருவான், ஒவ்வொருத்தனாகத் தண்ணீரோடு போவான். அரைமணி நேரம். அந்த அரைமணி அவரிடம் யாரும் பேசக்கூடாது என்று வீட்டில் சட்டம் எதுவும் இல்லை. பேசினதும் இல்லை.

மனைவி கூடத்தில் உட்கார்ந்தபடி சத்தத்தை வைத்தே அவருடைய நாளைப் படித்துவிடுவார். தட்டு தட்டின் மேல் 'டமார்' என்று விழுந்தால், "இன்னைக்கு மார்க்கெட்டுல மாட்டிக்கிட்டாரு, பேச்சுக் குடுக்காதே" என்று மகனிடம் சொல்வார். கரண்டிகள் மெல்லக் கிணுகிணுத்தால், "கடைசிப் பாத்திரம் முடியட்டும், போய்க் கேளு" என்பார். மகன் சைக்கிள் கேட்டது, படிப்பை மாற்றிக்கொள்ளக் கேட்டது, பிடித்த பெண்ணைக் கட்டிக்கொள்ளக் கேட்டது எல்லாம் கடைசிப் பாத்திரத்துக்குப் பிறகுதான். கல்யாணத்துக்குக் கேட்ட அன்று அவர் பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு ஒரு உறுமல் உறுமினார். அது சம்மதம் என்று மனைவிதான் மொழிபெயர்த்துச் சொன்னார்.

மருமகள் வந்தாள். மருந்துக் கடையில் வேலை, மூன்று மணிக்கு வீடு திரும்பிவிடுவாள். நல்ல பெண். வந்த இரண்டாம் நாள் சாயங்காலம் மாமனார் சட்டைக் கையை மடித்துவிட்டுத் தொட்டியடியில் நிற்பதைப் பார்த்து அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. நாள் பூராவும் பஸ் ஓட்டிவிட்டு வருகிற மனுஷன், வீட்டில் இரண்டு பெண்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க, எச்சில் தட்டு தேய்க்கிறாரா?

மூன்றாம் நாள் டிரைவர் வீட்டுக்கு வந்தபோது தொட்டி காய்ந்து கிடந்தது. பாத்திரம் எல்லாம் துடைத்து அலமாரியில் ஏறியிருந்தது. ஒரு கரண்டி கூட மிச்சமில்லை.

"நீங்க உக்காருங்க மாமா" என்று மருமகள் நாற்காலியை இழுத்துப் போட்டாள். டீயைக் கொடுத்தாள். டிவி ரிமோட்டைக் கையில் வைத்தாள். "இனிமே நீங்க அந்தப் பக்கமே வரக்கூடாது. நான் இருக்கேன்ல."

டிரைவர் உட்கார்ந்தார். என்ன சொல்வார்? 'எனக்குப் பாத்திரம் தேய்க்க வேணும்' என்று ஒரு மாமனார் மருமகளிடம் எப்படிக் கேட்பது? டிவியைப் போட்டார். நான்கு பேர் வட்டமாக உட்கார்ந்து ஒருவரைப் பார்த்து ஒருவர் கத்திக்கொண்டிருந்தார்கள். அதைத்தான் பஸ்ஸில் சும்மாவே கேட்கிறாரே. அணைத்துவிட்டார்.

அடுத்த வாரம் எதிர் வீட்டுக்காரரோடு நடக்கப் போனார். அந்த மனுஷன் தன் சர்க்கரை அளவை மாதவாரியாகச் சொல்லிக்கொண்டே வந்தார். மூன்றாம் நாள் டிரைவர் வேறு தெருவில் திரும்பிவிட்டார். கண்டக்டரிடம் யோசனை கேட்டார்.

"கண்ணை மூடி மூச்சை நல்லா இழுத்து, மெதுவா விடுங்கண்ணே. நெஞ்சு லேசாயிடும்."

வீட்டில் செய்து பார்த்தார். மூச்சை விடும்போது 'புஸ்ஸ்' என்று வந்த சத்தம் அச்சு அசல் பஸ் பிரேக். கால் தானாகத் தரையை அழுத்தியது.

"எப்படியிருந்துச்சுண்ணே?" என்று மறுநாள் கண்டக்டர் கேட்டார்.

"வண்டி ஓட்டின மாதிரியே இருந்துச்சு" என்றார் டிரைவர்.

ஒரு மாதத்தில் வீடு வீடாக இல்லை. டீயில் சூடு போதவில்லை என்றால் உறுமல். செருப்பு இடம் மாறியிருந்தால் உறுமல். மருமகள் எதைக் கொடுத்தாலும் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு வாங்கினார். அவள் பயந்துபோய் இன்னும் பளபளவென்று தேய்த்தாள். அவர் இன்னும் கடுகடுத்தார். ஒரு வெள்ளிக்கிழமை காலை, சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தவரிடம் மனைவி மெல்லச் சொன்னார்.

"புள்ளையும் மருமகளும் பக்கத்துத் தெருவுல வீடு பாத்துட்டு வந்திருக்காங்க. ஞாயித்துக்கிழமை பதில் சொல்லணுமாம்."

"எதுக்கு?"

"எதுக்கா? மாமாவுக்கு என்னைப் பிடிக்கலை, தனியாப் போயிடலாம்னு அந்தப் பொண்ணு ராத்திரி அழுதிருக்கு."

பொத்தான் தப்பான ஓட்டையில் ஏறியது. "நான் அவளை ஒரு வார்த்தை சொன்னேனா?"

"சொல்லலை. அதான் பிரச்சினை. தொட்டியை உங்ககிட்ட விட்டுடச் சொல்லி நான் சொல்லட்டுமா?"

"வாயைத் திறக்காதே. நல்லது பண்றதா நினைச்சுப் பண்ணுது. மாமனாருக்குப் பாத்திரம் தேய்க்கிற ஆசைன்னா ஊரு சிரிக்காதா?"

"சிரிச்சாச் சிரிக்கட்டும். புள்ள போயிடுவானே."

அன்று முழுக்க அந்தச் சொல் காதிலேயே நின்றது. பிள்ளை போய்விடுவான். ஒரு நிறுத்தத்தில் நிறுத்த மறந்து தாண்டிப் போய்விட்டார். இருபத்தாறு வருஷத்தில் முதல் தடவை. ஏழெட்டுப் பேர் சேர்ந்து கத்தினார்கள்.

சாயங்காலம் டெப்போவுக்கு எதிரே இருக்கும் டீக்கடையில் நின்றார். கூட்டமான நேரம். கடைக்காரர் ஒற்றை ஆளாகத் திணறிக்கொண்டிருந்தார். பக்கத்தில் வாளி நிறைய எச்சில் கிளாஸ், மேலே நுரை. டிரைவர் தன் கிளாஸை அதில் போட்டார். போட்ட கை வெளியே வரவில்லை. ஒன்றைக் கழுவினார். அடுத்ததை எடுத்தார்.

"அண்ணே, விடுங்கண்ணே, நான் பாத்துக்கிறேன்" என்று கடைக்காரர் பதறினார்.

"நீ டீயைப் பாரு."

"பாக்கிறவங்க என்ன நினைப்பாங்க? உங்களை நான் வேலைக்கு வெச்ச மாதிரி இருக்கு."

"என்னண்ணே, டிரைவர் வேலையை விட்டுட்டீங்களா?" என்று டீ குடிக்க வந்த கண்டக்டர் கேட்டார். டிரைவர் அவர் கையிலிருந்த கிளாஸைப் பிடுங்கினார். அதில் பாதி டீ இருந்தது.

முப்பது கிளாஸையும் முடித்து வரிசையாகக் கவிழ்த்துவிட்டு நிமிர்ந்தபோது காது நிசப்தமாக இருந்தது. ரோட்டுக்கு அந்தப் பக்கம் பஸ் நிறுத்தத்தில் மருமகள் நின்றுகொண்டிருந்தாள். கையில் காய்கறிப் பை. எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ? அவர் பார்த்ததும் வந்த பஸ்ஸில் ஏறிப் போய்விட்டாள்.

வீட்டுக்கு வந்தார். சமையலறை வாசலில் மருமகள் நின்றிருந்தாள், கண் சிவந்து. மகன் பக்கத்தில். மனைவி அடுப்படியில், வாயை இறுக்கி மூடிக்கொண்டு.

"மாமா, நான் கழுவுறது சுத்தமா இல்லையா?"

"யார் சொன்னா?"

"அப்போ நம்ம வீட்டுல கழுவாம டீக்கடையில போய்க் கழுவுறீங்களே, அது என்ன? அவ்வளவு வெறுப்பா என் மேல?"

டிரைவர் மனைவியைப் பார்த்தார். மனைவி கூரையைப் பார்த்தார். வாயைத் திறக்காதே என்று சொன்னது அவர்தானே, அனுபவிக்கட்டும்.

"வெறுப்பு இல்லம்மா" என்றார். குரல் உறுமலில் ஆரம்பித்து நடுவில் உடைந்தது. "நாள் பூரா என்னைத் திட்டுறாங்க. பதில் பேச முடியாது. அந்தத் தண்ணி சத்தத்துல நின்னாத்தான் காதை விட்டு அது இறங்கும். பன்னெண்டு வருஷப் பழக்கம். தொட்டி இல்லாம அது எல்லாத்தையும் உன் மேல இறக்கிட்டேன். தப்பு என்னுதுதான்."

கல்யாணம் பேசினபோது கூட அவர் இத்தனை வார்த்தை பேசியதில்லை. மருமகள் இரண்டு கையையும் நீட்டிக் காட்டினாள். விரல் இடுக்கெல்லாம் தோல் உரிந்து சிவந்திருந்தது.

"எனக்குப் பாத்திரம் தேய்க்கவே பிடிக்காது மாமா. சோப்பு ஒத்துக்காது. உங்களுக்கு மரியாதைன்னு பல்லைக் கடிச்சுட்டுத் தேய்ச்சேன்."

மகன்தான் முதலில் சிரித்தான். மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். டிரைவர் சிரிக்கவில்லை. அந்தக் கைகளைப் பார்த்தார், உள்ளே போனார், மருந்துப் பெட்டியிலிருந்து களிம்பை எடுத்து வந்து மருமகளிடம் நீட்டினார்.

"தடவிக்கோ. இனிமே நீ அந்தப் பக்கமே வரக்கூடாது. நான் இருக்கேன்ல."

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் டிரைவர் தொட்டியடியில் நின்றார். கூடத்தில் மனைவியும் மருமகளும் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். "கேட்டியா, கரண்டி எப்படி கிணுகிணுங்குது? இப்போ போகலாம்" என்று மனைவி சொல்லிக்கொடுத்தார்.

மருமகள் எழுந்து போனாள். "மாமா, அந்த வீடு வேணாம்னு சொல்லிட்டோம்."

அவர் திரும்பவில்லை. ஊறின பாத்திரத்தைக் கையில் எடுத்தார். "ஒரு கரண்டி குறையுது. எங்கே ஒளிச்சு வெச்சிருக்கே?"

சில வாரங்களில் அவளுக்கும் பாடம் படிந்துவிட்டது. ஒரு நாள் மழை, ரோடெல்லாம் நெரிசல். வாசலில் மாமனாரின் செருப்பு 'பொத்' என்று விழுந்தது. அன்றைக்குப் பார்த்துத் தொட்டியில் இரண்டே டம்ளர்தான் கிடந்தன. மருமகள் அலமாரியைத் திறந்தாள். சுத்தமாக இருந்த பெரிய பாத்திரத்தையும் நான்கு தட்டுகளையும் எடுத்துத் தொட்டியில் போட்டு, மேலே கொஞ்சம் எண்ணெயை ஊற்றிவிட்டு, ஒன்றும் தெரியாதவள் போலக் கூடத்துக்குப் போய் உட்கார்ந்தாள்.