அக்கா பார்த்துக்கொண்டிருந்த சூரியன்

அந்த வருஷம் மழைக்காலம் முழுக்க அக்காவின் துப்பட்டாவில் ஒரு வாசனை இருந்தது. ஈரக் குடைகள், பல மணி நேரம் ஓடிச் சூடேறிய கம்ப்யூட்டர்ப் பெட்டிகள், கீழே முட்டை ரோல் போடுகிற கல்லிலிருந்து மேலேறி வந்த எண்ணெய்ப் புகை, மூன்றும் கலந்த வாசனை. அது கரியாஹாட் சந்தியில் ஒரு புடவைக்கடையின் மாடியிலிருந்த இன்டர்நெட் கடையின் வாசனை என்று எங்கள் பாலிகஞ்ச் வீட்டில் முதலில் கண்டுபிடித்தவர் அப்பா.

திருநெல்வேலியிலிருந்து வங்காளத்துக்கு வேலைக்கு வந்த அப்பா, கிடர்பூர் துறைமுகத்தில் சுங்க அதிகாரி. கப்பலில் வந்திறங்கும் பெட்டிகளைத் திறக்கச் சொல்லி, காகிதத்தில் எழுதியிருப்பதும் உள்ளே இருப்பதும் ஒன்றுதானா என்று பார்ப்பது அவர் வேலை. பெட்டியைப் பார்ப்பதற்கு முன்னால் அதன் பக்கத்தில் நிற்கிறவனின் முகத்தைப் பார்க்க வேண்டும் என்பார். இருபது வருஷம் அப்படிப் பார்த்துப் பழகிய கண், வேலை முடிந்து வீட்டுக்கு வந்ததும் சும்மா இருந்துவிடாது. பால்காரர் ஒரு நாள் அதிகமாகச் சிரித்தால் மறுநாள் பாலில் விரலை விட்டுப் பார்ப்பார்.

அக்கா பூமா அப்போது கல்லூரியில் இயற்பியல் முதலாண்டு. எனக்குப் பதின்மூன்று வயது. இன்டர்நெட் கடை என்பது எங்கள் தெருவில் அப்போது நல்ல பெயர் எடுத்த இடம் இல்லை. "சைபர்" என்று குரலைத் தாழ்த்தித்தான் சொல்வார்கள். ஒட்டுப்பலகைத் தடுப்பு, அதற்கொரு திரைச்சீலை, உள்ளே ஒரு நாற்காலி. திரைக்குப் பின்னால் யார் யாரோடு பேசுகிறார்கள் என்று யாருக்குத் தெரியும்? அப்பா அக்காவிடம் எதுவும் கேட்கவில்லை. என்னைக் கூப்பிட்டார்.

"இனிமே அவகூட நீயும் போ. என்ன பாக்கா, யாருக்கு எழுதுதா, எனக்கு வந்து சொல்லணும், என்னா?"

நான் தலையாட்டினேன். எனக்கு அது பெரிய பதவி கிடைத்த மாதிரி இருந்தது என்பதை இப்போது மறைப்பதில் அர்த்தமில்லை.

முதல் நாள் மாலையே நான் பார்த்தது இதுதான். திரை முழுக்க நீலம், நடுவில் ஒரு கரிய வட்டு, அதற்குள் வெள்ளைக் கோட்டில் ஒரு சிறிய வட்டம். சுற்றிலும் உப்புத் தூவியது போலப் புள்ளிகள். அக்கா ஒரு படத்தைப் பார்த்தாள், அடுத்ததைப் பார்த்தாள், மறுபடி முதல் படத்துக்கே போனாள். என்ன இது என்று கேட்டேன். சூரியன் என்றாள். விண்வெளியிலேயே நின்று ராப்பகலாகச் சூரியனைப் பார்த்துக்கொண்டிருக்கும் தொலைநோக்கி ஒன்று எடுத்த படங்கள் இவை. கிரகணத்தில் நிலா மறைப்பதுபோல உள்ளே ஒரு தட்டு சூரியனை மறைத்துக்கொள்ளும். அப்போதுதான் பக்கத்தில் இருக்கிற மங்கலான சங்கதிகள் தெரியும். சில சமயம் சின்னஞ்சிறு வால்மீன்கள் அதை நோக்கி வந்து விழுந்து அழிந்துபோகும், யார் முதலில் பார்த்துச் சொல்கிறார்களோ அவர்கள் பெயரைப் பட்டியலில் போடுவார்கள் என்று விளக்கினாள். கடைசியாக, "நான் ஒண்ணாவது கண்டுபிடிப்பேன் பாரு," என்றாள்.

நான் நம்பவில்லை. இவ்வளவு பெரிய சங்கதியைக் கரியாஹாட்டில் உட்கார்ந்திருக்கும் ஒரு கல்லூரிப் பெண்ணிடம் யார் விட்டுவைப்பார்கள்? நீலப் படம் வெறும் மறைப்பு, அசல் விஷயம் வேறெங்கோ இருக்கிறது என்று நினைத்தேன். அப்படி நினைத்தபின் தடயங்களுக்கா பஞ்சம்? அக்காவுக்கு மார்ட்டின் என்ற பெயரில் மின்னஞ்சல் கடிதங்கள் வந்தன. அவற்றை ஒருமுறைக்கு இருமுறை படித்து, உதட்டைக் கடித்துக்கொள்வாள். ஒரு நீல நோட்டில் தேதி, மணி, இரண்டிரண்டு எண்கள் என்று வரிசையாக எழுதி வைப்பாள். யாராவது பக்கத்தில் வந்தால் நோட்டை மூடுவாள்; இப்போது யோசித்தால் அவள் மூடியது மழைச்சாரலுக்காகவும் இருந்திருக்கலாம்.

ஊரே கொண்டாடும் நவராத்திரிப் பூஜைக்குப் பத்து நாள் இருக்கும்போது, சாலையில் நடக்க இடமில்லாமல் கூட்டம் புடவைக்கடைகளை மொய்த்த ஒரு மாலையில், நான் அப்பாவிடம் சொன்னேன். "ஒரு ஆம்பளை லெட்டர் போடுதாம்ப்பா. பேரு மார்ட்டின். அக்கா நோட்டுல டைம் எல்லாம் எழுதி வச்சிருக்கா." சூரியனைப் பற்றி நான் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

அப்பா சாப்பாட்டு மேசையில் நோட்டை விரித்தார். அக்கா நின்றாள். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து கதவோரம் நின்றாள்.

"என்னட்டி இது? பதினொண்ணு பதினெட்டு, பதினொண்ணு நாப்பத்திரெண்டு. அந்நேரம் நீ கிளாஸ்லல்லா இருக்கணும்?"

"அது நம்ம நேரம் இல்லப்பா, லண்டன் நேரம். அஞ்சரை மணி நேரம் கூட்டிக்கிடணும்."

"லண்டன்ல யாரு இருக்கா?"

அக்கா சூரியன், தொலைநோக்கி, வால்மீன் எல்லாவற்றையும் சொன்னாள். அந்த எண்கள் படத்தில் புள்ளி இருக்கும் இடம் என்றாள். அப்பா பொறுமையாகக் கேட்டார். துறைமுகத்தில் பொய் சொல்கிறவர்களைக்கூட அவர் கடைசிவரை பேசவிடுவாராம்.

"சூரியனைப் பாக்க மாடிக்குப் போனாப் போதாது? இவ்வளவு தூரம் போயி, திரைக்குப் பின்னால ஒக்காந்துதான் பாக்கணுமா? பரீட்சை முடியட்டும். மிச்சப் படிப்பைத் திருநெல்வேலியில சித்தப்பா வீட்டுல இருந்து படிச்சுக்கிடலாம்."

கடைக்குப் போவது அன்றோடு நின்றது. அக்கா அழவில்லை. "நாளைக்கு ஒரே ஒரு நாள் மட்டும் போயிட்டு வந்திருதேம்ப்பா," என்று கேட்டாள். ஒரே ஒரு நாள் கேட்டதுதான் அப்பாவுக்கு இன்னும் பெரிய சந்தேகமாகப் பட்டது. முடியாது என்றார்.

பூஜையெல்லாம் முடிந்து விஜயதசமியும் கழிந்த பிறகு, அக்காவை விட்டுவிட்டு அப்பா அந்தக் கடைக்குப் போகத் தீர்மானித்தார். யார் அந்த மார்ட்டின் என்று தானே பார்க்கப் போகிறாராம். என்னையும் கூட்டிக்கொண்டார். கடைக்காரர் தபன்தா வங்காளியில் அவரை வரவேற்று, அக்காவைப் பற்றிக் கேட்டதும் குரலைத் தாழ்த்தினார்.

"மேஷோமஷாய்," என்று மாமா முறை சொல்லிக் கூப்பிட்டார். "நானே உங்களைப் பார்க்க வேண்டும் என்று இருந்தேன். உங்கள் பெண் வந்த மூன்று மாதமும் ஒரே பக்கத்தைத்தான் பார்த்தாள். பாட்டு இல்லை, சினிமா இல்லை, சாட் இல்லை. எனக்குப் பயமாகவே இருந்தது. ஏதாவது ராணுவ ரகசியமா?"

அப்பா அவரை ஏற இறங்கப் பார்த்தார். தன்னைவிடச் சந்தேகக்காரரை அவர் அன்றுதான் சந்தித்திருக்க வேண்டும். அப்படியே திரும்பி வீட்டுக்கு வந்து, "கிளம்பு," என்று அக்காவிடம் சொன்னார். அரைமணி நேரத்தில் நாங்கள் மூவரும் அந்தத் தடுப்புக்குள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தோம்.

முதலில் மார்ட்டினின் கடிதங்களை ஒவ்வொன்றாகத் திறக்கச் சொன்னார். மார்ட்டின் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். இதே வேட்டையில் பல வருஷம் இருந்தவர். அக்கா அனுப்பிய ஒவ்வொரு புள்ளிக்கும் அவர் பதில் எழுதியிருந்தார். இது நட்சத்திரம். இது வெறும் விண்வெளிக் கதிர் பட்ட கறை. இது வால்மீன் இல்லை. இதுவும் இல்லை. அப்பா ஒன்றைக்கூட விடாமல் கடைசிவரை படித்தார்.

பிறகு நீலப் படத்தைக் காட்டி, "இதுல எதை நீ வால்மீன்னு நம்புத?" என்றார்.

"எதையும் நம்பலப்பா. ஒரு படத்துல மட்டும் இருந்தாக் கறை. எல்லா நட்சத்திரத்தோடயும் சேர்ந்து போனா நட்சத்திரம். அஞ்சாறு படத்துல தனியா, ஒரே கோட்டுல, சூரியனைப் பாத்து வந்தாத்தான் எழுதிப் போடுவேன்."

அப்பா பட்டியலைக் காட்டச் சொன்னார். அக்கா திறந்தாள். திறந்தவள் ஒரு வரியில் நின்றுவிட்டாள். அவளுடைய நோட்டை அப்பா கையோடு கொண்டுவந்திருந்தார். கடைசிப் பக்கத்தில், கடைக்குப் போன கடைசி மாலையில், இரண்டே இரண்டு படங்களில் பார்த்த ஒரு புள்ளியைக் குறித்துப் பக்கத்தில் கேள்விக்குறி போட்டிருந்தாள். அதே தேதி, அதே இடம். பட்டியலில் அது வால்மீன் என்று உறுதியாகியிருந்தது. எதிரே வேறொரு நாட்டுக்காரரின் பெயர் இருந்தது. அவர் எழுதிப்போட்டது அக்கா பார்த்ததற்கு மறுநாள்.

அப்பா நோட்டையும் திரையையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். எண்களின் மேல் விரலை வைத்துச் சரிபார்த்தார்.

"நீதான மொதல்ல பாத்திருக்கே."

"பாத்தாப் போதாதுப்பா. மறுநாள் படத்தையும் பாத்துட்டுச் சொல்லிருக்கணும்."

அந்தப் புள்ளி அதற்குள் சூரியனிடம் போய் எரிந்து முடிந்திருந்தது. அப்பா மன்னிப்புக் கேட்கவில்லை. அந்தத் தலைமுறைக்கு அது வராது. ஆனால் திருநெல்வேலிப் பேச்சு அன்றோடு நின்றது. சனிக்கிழமைதோறும் அவரே அக்காவைக் கடைக்குக் கூட்டிப்போனார். பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "அது தூசிதான?" என்று கேட்டுக்கொண்டேயிருப்பாராம். அக்கா அதன்பிறகு என்னைக் கூப்பிடவில்லை. இரண்டு வருஷம் தேடியும் பட்டியலில் அவள் பெயர் வரவில்லை. அப்புறம் மேல்படிப்புக்குப் பெங்களூர் போனாள். இன்றைக்கு அங்கே சூரியனைப் பற்றித்தான் ஆராய்ச்சி செய்கிறாள்.

அந்த மாடியில் இப்போது செல்போன் உறை விற்கிறார்கள். தபன்தா எங்கே போனார் என்று கேட்டால் யாருக்கும் தெரியவில்லை. அப்பா காலமாகிவிட்டார். நீல நோட்டு எந்த வீடு மாற்றத்திலோ தொலைந்துபோயிற்று. அக்கா அன்று வரிசையில் காத்திருந்து பார்த்த அதே படங்கள் இப்போது என் கைப்பேசியில் நினைத்த நேரத்தில் வருகின்றன. நான் அதிகம் பார்ப்பதில்லை.

போன மாதம் போனில் பேசும்போது, இத்தனை வருஷம் கேட்காததைக் கேட்டேன். அப்பாவிடம் சொன்னது நான்தான் என்று அவளுக்குத் தெரியுமா என்று.

"தெரியாம என்ன? நீ போய்ச் சொல்லுவேன்னு தெரிஞ்சுதான கூட்டிட்டுப் போனேன்," என்றாள் அக்கா, சாதாரணமாக. "நீ பாத்ததைச் சொல்லுவேன்னு நெனச்சேன்."