அம்மா திறந்த சிடி பிளேயர்

போன வாரம் பழைய கார் ஒன்று வாங்கினோம். மகள் அதில் ஒரு சிடியைத் தள்ளியதும், அது உள்ளே ஸ்ர்ரென்று சுழலத் தொடங்கிய சத்தம் என்னைச் சின்ன வயதில் நான் வளர்ந்த பிள்ளையார்பாளையம் வீட்டுக்கே கொண்டுபோய்விட்டது.

அங்கே அப்பா ஆசையாக வாங்கிய சிடி பிளேயருக்கு ஒரே ஒரு சட்டம்தான். "வீட்ல காப்பி பண்ண சிடியைப் போடாதீங்க. லென்ஸ் போயிடும்."

கம்ப்யூட்டர் சென்டரில் வேலை பார்த்த மாமா, தன் அக்காவுக்குப் பிடித்த பாட்டையெல்லாம் ஒரே சிடியில் பதிந்து, மேலே ரோஜாப்பூ ஸ்டிக்கர் ஒட்டிக் கொடுத்திருந்தார். அப்பா வெளியே கிளம்பியதும் அம்மா அதைப் போட்டுவிட்டுத் தறியில் உட்காருவாள். அவள் மிதிக்கும் மிதி பாட்டுக்குத் தாளமாகிவிடும்.

ஒருநாள் பாட்டு பாதியில் கரகரத்து நின்றது. சிடியும் வெளியே வரவில்லை. நான் அழ ஆரம்பித்துவிட்டேன்.

"சும்மா இரும்மா, பாத்துக்கினுதானே இருக்கேன்" என்ற அம்மா, பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஸ்க்ரூ டிரைவரால் மூடியைத் திறந்தாள். சூட்டில் ஸ்டிக்கர் கழன்று உள்ளே ஒட்டிக்கொண்டிருந்தது. அதை எடுத்துப் போட்டு, மூடியை மாட்டிப் பிளக்கைச் செருகியதும் பிளேயர் மறுபடி பாடியது.

திரும்பினால் வாசலில் அப்பா.

"உன் தம்பி குடுத்த சிடியா?"

"அதேதான். லென்ஸுக்கு ஒண்ணும் ஆகல. ஸ்டிக்கர்தான் மாட்டிக்கினு இருந்துச்சு."

அப்பா சட்டையைக் கழற்றி மாட்டினார். அந்தப் பாட்டு முடியும்வரை நின்று கேட்டார்.

"எனக்கும் ஒண்ணு போட்டுத் தரச் சொல்லு. பூவெல்லாம் வேணாம்" என்றார்.