இரண்டாயிரத்து நூற்றைம்பது

பாரிசில் மகன் வீட்டில் இரண்டு மாதம் இருந்துவிட்டு 2007இல் காரைக்கால் திரும்பினாள் தெரேஸ். அங்கே ஓயாத அசதி என்று மகன் லொரான் ரத்தப் பரிசோதனைக்குக் கொடுத்திருந்தான். அவள் ஊர் வந்து சேர்ந்த பிறகுதான் முடிவு செல்போனில் வந்தது: "டிஎஸ்எச் 2,150."

பக்கத்து வீட்டு பாரதி கல்லூரியில் படிக்கிறவள். "இது தைராய்டு ஆன்ட்டி. அஞ்சுக்குள்ள இருந்தாத்தான் நார்மல். உங்களுக்கு ரெண்டாயிரத்து நூத்தம்பது!" என்று போட்டு உடைத்தாள். எல்லாம் படித்த பிள்ளை, வாயை அடக்க மட்டும் படிக்கவில்லை.

தெரேஸ் உடனே லொரானைக் கூப்பிட்டுக் கேட்டாள். "எல்லாம் சரியாத்தான் இருக்கும்மா, பயப்படாதீங்க" என்றான். அதற்குத்தான் அவள் பயந்தாள். அவள் அம்மா கழுத்துக் கட்டியோடு போய்ச் சேரும்வரை வீட்டில் எல்லாரும் இதையேதான் சொன்னார்கள். சொன்னவர்களில் தெரேஸும் ஒருத்தி.

அதன்பிறகு டாக்டர் இருக்கும் திசையில் அவள் தலைவைத்தும் படுக்கவில்லை. கண்ணாடியைக் கண்டால் கை கழுத்துக்குப் போகும். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். இவள் கழுத்தோ நிஜமாகவே கொஞ்சம் உப்பியிருந்தது.

மறுவருடம் மாடிப்படியில் ஏற முடியாமல் உட்கார்ந்துவிட்டபோது பாரதிதான் இழுத்துப்போய் இங்கேயே பரிசோதிக்க வைத்தாள். 12.4 என்று வந்தது. "ரெண்டாயிரத்துலேருந்து இறங்கிடுச்சு ஆன்ட்டி!" தெரேஸ் மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு டாக்டரிடம் போனாள்.

டாக்டர் சிவசுப்பிரமணியன் காகிதத்தையும் செல்போனையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நாம புள்ளி வைக்கிற எடத்துல பிரான்சுல கமா போடுவாங்கம்மா. இது வெறும் ரெண்டு சொச்சம். அப்ப நல்லாத்தான் இருந்திருக்கீங்க. இப்பத்தான் பன்னண்டுக்கு ஏறியிருக்கு. சுரப்பி மந்தமானா இந்த எண் ஏறும்."

மகன் பொய் சொல்லவில்லை. அந்த ஆறுதலைக் கொஞ்சம் அனுபவிக்கக்கூட விடாமல் பன்னிரண்டு வந்து நெஞ்சில் உட்கார்ந்துகொண்டது. டாக்டர் அவள் கழுத்தில் விரல் வைத்து, "எச்சில் முழுங்குங்க" என்றார். பயத்தில் வாய் வறண்டு கிடந்தது, முழுங்க எச்சில் இல்லை. தண்ணீர் கொடுத்து மறுபடி தொட்டுப் பார்த்தார்.

"கட்டி எதுவும் தட்டுப்படல. சுரப்பிதான் வீங்கியிருக்கு. காலையில வெறும் வயித்துல ஒரு மாத்திரை போடணும்."

"எத்தனை நாளைக்குங்க?"

"ஆயுசு முழுக்க."

தெரேஸ் நாற்காலியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"அப்ப எனக்கு ஆயுசு இருக்குங்களா, டாக்டர்?"