சைவத் தட்டில் வந்த சென்னாக்கூனி வாசனை

சென்ற ஆண்டு ஆடித் தள்ளுபடி முடிந்த வாரம், ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அடையாறில் நடந்தது இது. பெரிய தாய்லாந்து ஹோட்டல் ஒன்றுக்குக் குடும்பத்தோடு சாப்பிடப் போயிருந்தோம். அந்த மாதிரி இடத்துக்குப் போகிற ஆட்கள் இல்லை நாங்கள். நொச்சிக்குப்பத்தில் வீடு. நான் படகு எஞ்சின் பழுது பார்க்கிறேன். என் மனைவி ரோட்டோரத்தில் மீன் விற்கிறாள். என் படிப்பு எட்டாவதோடு நின்றுவிட்டது. ஆறாவது படிக்கிற என் மகள்தான் இந்தப் பத்திரிகையை வீட்டுக்குக் கொண்டுவருவாள். அவள் வயதுப் பிள்ளைகள் படிக்கிறீர்கள் என்பதால்தான் எழுதத் துணிந்தேன்.

எங்களைக் கூட்டிப் போனவன் என் மச்சான், மனைவியின் தம்பி. தி.நகரில் ஒரு ஜவுளிக்கடையில் புடவைப் பிரிவில் வேலை. ஆடி மாதம் முழுக்கக் கால் கடுக்க நின்று வியாபாரம் பார்த்ததற்காக முதலாளி அண்ணாச்சி அவனுக்கு ஒரு பரிசுக் கூப்பன் கொடுத்திருந்தார். நாலு பேர் அந்த ஹோட்டலில் போய்ச் சாப்பிடலாம். கேட்டதுமே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

"சும்மா குடுப்பாங்களா யாராச்சும்? உள்ள போனப்புறம் தண்ணிக்குக் காசு, துடைக்கிற துணிக்குக் காசுன்னு உருவிடுவாங்க" என்றேன்.

"மாமா, கோயில் பிரசாதத்தையே நீங்க மோந்து பாத்துட்டுதான் வாங்குவீங்க" என்றான் அவன். என் மனைவி அவன் பக்கம் சேர்ந்துகொண்டு சிரித்தாள்.

இங்கே என் மகளைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அவளுக்கு இறால் ஆகாது. அதுவும் மீன்காரி வீட்டுப் பிள்ளைக்கு! சின்ன வயதில் எல்லாம் சாப்பிட்டாள். மூன்றாவது படிக்கும்போது ஒரு நாள் இறால் தொக்கு சாப்பிட்டுக் கொஞ்ச நேரத்தில் உதடு வீங்கி, கண் மூடிக்கொண்டு, மூச்சு விசில் அடிக்க ஆரம்பித்துவிட்டது. தூக்கிக்கொண்டு ஓடினோம். இறால், நண்டு எதுவும் கூடாது, அதைச் செய்த சட்டி, வெட்டிய கத்தி கூடப் படக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அவளுக்குத் தனிச் சட்டி, தனிக் கரண்டி, தனி அருவாமனை. அவளுக்கென்று இன்னொரு அம்மிகூட என் மனைவி வாங்கிவிட்டாள்.

இதில் பிள்ளைக்குப் பெரிய வேதனை நோய் இல்லை, கேலிதான். "கடலாண்ட பொறந்துட்டு இறா ஆவாதாம், மயிலாப்பூர் மாமி வந்துட்டாங்க, வழி வுடுங்கடா" என்று தெருப் பிள்ளைகள் சிரித்தார்கள். 'மாமி' என்ற பெயரே ஒட்டிக்கொண்டது. ஒரு நாள் அழுதுகொண்டே என் கையை எடுத்துத் தன் தலையில் வைத்தாள். "நைனா, வெளிய எங்க போனாலும் சைவம்னு மட்டும் சொல்லு. எனக்கு இறா ஆவாதுன்னு யார்ட்டயும் சொல்லக் கூடாது. சத்தியம் பண்ணு" என்றாள். செய்துவிட்டேன். சைவம் என்று சொல்லிவிட்டால் எப்படியும் இறால் வராது, பிறகென்ன என்று நினைத்தேன். அதற்குப் பிறகு எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் எங்கள் குடும்பமே சைவப் பந்தியில்தான்.

அந்த ஹோட்டலிலும் அதையேதான் செய்தோம். உட்கார்ந்ததுமே, "நாலு பேரும் வெஜ்" என்றான் மச்சான்.

உள்ளே ஒரே இருட்டு. மேசைக்கு ஒரு சின்ன விளக்கு. சாப்பாட்டுக் கடையில் எதற்கு இருட்டு? தட்டில் என்ன இருக்கிறது என்று ஆளுக்குத் தெரியக் கூடாது என்றுதானே? சில்லென்று ஈரத் துணி ஒன்றைச் சுருட்டிக் கொண்டுவந்து வைத்தார்கள். நான் தொடவில்லை. பாட்டில் தண்ணீர் கொண்டுவந்தார்கள், மூடியைத் திருகிப் பார்த்தேன். கேட்காமலே ஒரு கூடையில் அப்பளம் வந்தது. கேட்காமல் வருவதற்குத்தான் பில்லில் அதிகம் போடுவார்கள் என்று அதைத் தள்ளி வைத்தேன்.

எங்கள் மேசையைப் பார்த்துக்கொண்டது ஒரு மணிப்பூர்ப் பெண். இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயது இருக்கும். தமிழ் பேசினாள், ஆனால் நான் எது கேட்டாலும் சிரித்துக்கொண்டே தலையை ஆட்டினாள். அது எனக்குப் பிடிக்கவில்லை. புரிந்து ஆட்டுகிறாளா, புரியாமல் ஆட்டுகிறாளா? ஒவ்வொரு தட்டு வந்தபோதும், "இது சைவம்தானே?" என்று கேட்டேன். பச்சைக் குழம்பில் மிதந்த குழிப்பணியாரம் மாதிரி உருண்டைக்குக் கேட்டேன். வறுத்த இடியாப்பம் மாதிரி இருந்த நூடுல்ஸுக்குக் கேட்டேன். வெள்ளரிக்காய்த் துண்டுக்குக்கூடக் கேட்டுவிட்டேன்.

"மாமா, சாப்பிட வந்தீங்களா, ரெய்டு பண்ண வந்தீங்களா?" என்றான் மச்சான்.

"வெள்ளரிக்கா சைவமான்னு கேட்ட மொத ஆளு இவருதான்டா" என்றாள் என் மனைவி.

என் மகள் சிரிக்கவில்லை. வீட்டில் என்னை நைனா என்று கூப்பிடுபவள் அங்கே, "அப்பா, போதும்பா, எல்லாரும் பாக்குறாங்க" என்று மெதுவாகச் சொன்னாள்.

அப்போதுதான் அந்தத் தட்டு வந்தது. பச்சைப் பப்பாளிக்காயை நூல் நூலாகச் சீவி, தக்காளி, பீன்ஸ், வேர்க்கடலை, எலுமிச்சம்பழம் எல்லாம் போட்டுக் கல்லுரலில் இடித்தது. அந்தப் பெண் அதை நடுவில் வைத்து, "இப்ப இடிச்சது, ஃப்ரெஷ்" என்றாள். என் மகளுக்குப் புளிப்பு என்றால் உயிர். தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

எனக்கு ஒரு வாசனை வந்தது.

சென்னாக்கூனி தெரியுமா உங்களுக்கு? விரல் நகத்தில் பாதிகூட இருக்காது, அவ்வளவு சின்ன இறால். எங்கள் குப்பத்தில் மணலில் காயப்போட்டிருப்பார்கள். அந்த வாசனையில்தான் நான் வளர்ந்தேன். எலுமிச்சை வாசனைக்கு அடியில் அது லேசாக, ஒரு நொடி வந்தது. அடுத்த நொடி இல்லை.

"இதுல கூனி வாசனை வருது" என்றேன்.

மச்சான் என் காதருகே குனிந்தான். "மாமா, தப்பா நினைக்காதீங்க. அக்கா மத்தியானம் வரைக்கும் மீன் கூடையாண்ட குந்திக்கினு இருந்துச்சு. நீங்க படகாண்ட இருந்து வந்து குளிச்ச கையோட கெளம்பினீங்க. வாசனை நம்மகிட்ட இருந்தே வரும்."

எனக்குச் சுருக்கென்றது. சட்டைக் கையை முகர்ந்து பார்த்தேன். சோப்பு வாசனைதான். ஆனாலும் என் மூக்கை நம்ப முடியவில்லை. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்து போன நாட்கள் எங்களுக்கு உண்டு. உண்மையிலேயே நம் வாசனைதானோ?

அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு, "இதுல இறா கீதா?" என்று கேட்டேன். இல்லை, வெஜ்தான் என்றாள். நான் விடவில்லை. மேலாளரே வந்துவிட்டார். "சார், எங்க வெஜ் கிச்சனே தனி. நீங்க வந்ததுல இருந்து கேட்டுட்டே இருக்கீங்க. நம்பிச் சாப்பிடுங்க" என்றார். குரலில் மரியாதை இருந்தது, முகத்தில் இல்லை. பக்கத்து மேசைக்காரர்கள் பேச்சை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார்கள்.

அவரைக் குறை சொல்ல முடியாது. அப்பளத்தையும் வெள்ளரிக்காயையும் சந்தேகப்பட்ட ஆள், பப்பாளிக்காயைச் சந்தேகப்பட்டால் யார் மதிப்பார்கள்? உண்மையான காரணத்தைச் சொன்னால் மதிப்பார்கள். ஆனால் சொல்ல மாட்டேன் என்று பிள்ளை தலையில் கை வைத்திருக்கிறேன். அவளும் என்னையே பார்த்தாள். சொல்லாதே என்று கண்ணாலேயே கெஞ்சினாள். இந்தப் பேச்சை முடித்துவைக்க நினைத்தாளோ என்னவோ, ஒரு கரண்டி அள்ளி வாயில் போட்டுக்கொண்டாள்.

"துப்பு!" என்று கத்திவிட்டேன். ஹோட்டல் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. "இறா பட்டா என் பொண்ணுக்கு மூச்சு நின்னுடும்! துப்புடி!"

என் மனைவி முந்தானையை ஏந்தினாள், பிள்ளை அதில் துப்பினாள். வெட்கத்தில் அவள் கண் நிறைந்துவிட்டது. மேலாளர் வாயைத் திறப்பதற்குள் அந்த மணிப்பூர்ப் பெண் தட்டைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினாள். சமையல்காரரைக் கையோடு இழுத்து வந்தாள். அவர் நம்ம ஊர்க்காரர்தான். தட்டைக் காட்டி, "சத்தியமா இதுல எதுவும் போடல சார்" என்றார்.

"போடல சரி. எதுல இடிச்சீங்க?" என்றேன். எங்கள் வீட்டில் இரண்டு அம்மி இருப்பதால் அந்தக் கேள்வி தானாக வந்தது.

அவர் சமையல் கட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார். சமையல் கட்டு தனி, சட்டி தனி, எல்லாம் தனி. ஆனால் தாய்லாந்தில் இருந்து வரவழைத்த அந்தக் கல்லுரல் ஒன்றுதான் இருந்தது. எங்களுக்கு முன்னால் வேறு மேசைக்குக் காய்ந்த இறால் போட்டு அதில்தான் இடித்திருக்கிறார்கள். "தண்ணி ஊத்திக் கழுவினேன் சார்..." என்றார். கல்லின் சொரசொரப்பில் ஒட்டியது தண்ணீரில் போகுமா?

"நைனா" என்றாள் என் மகள். அந்த இடத்தில் முதல் தடவையாக. "நைனா, உதடு அரிக்குது."

அப்புறம் நடந்ததெல்லாம் துண்டு துண்டாகத்தான் ஞாபகம் இருக்கிறது. என் மனைவி சுருக்குப் பையில் இருந்து டாக்டர் கொடுத்த மாத்திரையை எடுத்தாள். அதற்குள் வாசலில் ஆட்டோ வந்து நின்றது. கூப்பிட்டது அந்தப் பெண்தான். இடுப்பில் கட்டின ஏப்ரனோடு அவளும் ஏறிக்கொண்டாள். பக்கத்து ஆஸ்பத்திரியில் டாக்டர், "என்ன சாப்பிட்டாங்க?" என்று கேட்டார். என்னென்ன போட்டது, எவ்வளவு வாய்க்குள் போனது, எப்போது போனது என்று அந்தப் பெண்தான் வரிசையாகச் சொன்னாள். ஊசி போட்டார்கள். மேலுதடு ஒரு பக்கம் வீங்கியதோடு நின்றது. மூச்சுக்கு ஒன்றும் ஆகவில்லை. துப்பியதால் பிழைத்தது, முழுங்கியிருந்தால் வேறு கதை என்றார் டாக்டர்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது அந்தப் பெண் என்னிடம் கேட்டாள். கோபமாகக்கூட இல்லை. "சார், முதல்லயே ஏன் சொல்லல? வெஜ்னு சொன்னா நாங்க வெஜ் குடுப்போம். அலர்ஜின்னு சொன்னா வேற கத்தி, வேற பலகை, தனியா ஒரு ஆள் செய்வாங்க. இந்த சாலட் உங்க டேபிளுக்கே வந்திருக்காது."

அங்கே இருந்த நேரம் முழுக்க அவளை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே இருந்தவன் நான். இருட்டை, துணியை, அப்பளத்தை, அவள் சிரிப்பை, எல்லாவற்றையும் சந்தேகப்பட்டேன். சொல்ல வேண்டிய ஒன்றை மட்டும் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டே தலையாட்டினாளே, நான் கேட்டது ஒவ்வொன்றும் அவளுக்குப் புரிந்துதான் இருந்திருக்கிறது. நான் சொல்லாததுதான் அவளுக்குத் தெரியவில்லை.

உள்ளே கட்டிலில் படுத்திருந்த என் மகள், "சத்தியத்தை மீறிட்ட" என்றாள், வீங்கின உதட்டோடு. "ஆமாண்டி, மீறிட்டேன்" என்றேன். "இன்னும் சத்தமா மீறியிருக்கலாம் நைனா, ரெண்டு மேசைக்குக் கேக்கல" என்றாள். அழுகிறேனா சிரிக்கிறேனா என்று எனக்கே தெரியவில்லை.

மேலாளர் மறுநாள் மச்சானுக்குப் போன் செய்து மன்னிப்புக் கேட்டாராம். கூப்பனை இன்னொரு நாள் பயன்படுத்திக்கொள்ளச் சொன்னாராம். விஷயம் வெளியே போகாமல் இருக்கத்தான் என்று எனக்குச் சந்தேகம். மச்சான் தலையில் அடித்துக்கொண்டான். தீபாவளி முடிந்ததும் அங்கே மறுபடி போனோம். பிள்ளைதான் பிடிவாதம் பிடித்தாள்.

அதே பெண் வாசலில் நின்றாள். நான் வாயெடுப்பதற்குள் என் மகள் முன்னால் போய், "அக்கா, எனக்கு இறா, நண்டு ரெண்டும் ஆகாது. எதுல இடிப்பீங்க?" என்று எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டாள். எங்கள் பின்னால் நின்ற பெரிய வீட்டுப் பையன் ஒருவன் களுக்கென்று சிரித்தான். இவள் திரும்பி, "சிரிச்சு முடிச்சுட்டியா? அவங்க பதில் சொல்லணும்" என்றாள். அந்தப் பெண் உள்ளே போய், பச்சை நாடா கட்டின புது மர உரல் ஒன்றை இரண்டு கையாலும் தூக்கி வந்து காட்டினாள். நான் குனிந்து ஒரு தடவை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன். மச்சான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

என் சந்தேக குணம் இன்னும் போகவில்லை, போகும் என்றும் தோன்றவில்லை. ஆனால் எங்கே சாப்பிட உட்கார்ந்தாலும் என் மகள் கூச்சமில்லாமல் முதலில் அதைச் சொல்வதைக் கேட்கும்போது, அன்று அந்த ஒரு வாக்கியத்தை அப்பளக் கூடை வருவதற்கு முன்பே நான் சொல்லியிருக்க வேண்டும் என்று இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன்.