குட்டியைச் சுமக்கும் தகப்பன்

"பிள்ளை இரவிலை அழுதா நான்தான் தூக்கவேணும் மச்சான்" என்று நண்பன் கெஞ்சியதால், டென்மார்க்கின் பிராண்டே நகரத் தொழிற்சாலையில் அவனுடைய இரவு வேலையை நான் எடுத்து, என் பகல் வேலையை அவனுக்குக் கொடுத்தேன். மகளுக்குக் கதை சொல்லி உறங்கவைக்கும் நேரமெல்லாம் அதோடு போயிற்று.

சில வருடங்களின் பின், இரு குடும்பமுமாக மிருகக்காட்சிச்சாலைக்குப் போனோம். பகலிலேயே இருட்டாக்கிய அறையில் மழைக்காட்டு இரவுக்குரங்குகள். தாய் பால் மட்டும்தான் கொடுக்குமாம். குட்டியைச் சுமப்பது தகப்பனாம்.

"உங்கட மனுசன் மாதிரி" என்று நண்பனின் மனைவியிடம் சிரித்தேன்.

"இவரோ? பிள்ளை கத்தினாலும் எழும்பமாட்டார். ஒவ்வொரு இரவும் நான்தான் தூக்கினது அண்ணை."

நண்பன் பக்கத்தில்தான் நின்றான். இருட்டில் அவன் முகம் எனக்குத் தெரியவில்லை. அந்த இரவுக்குரங்குகளுக்குத் தெரிந்திருக்கும்.

வீட்டுக்கு வந்து மகளிடம், "கதை சொல்லட்டே?" என்றேன். "வேண்டாம்" என்று டேனிஷில் சொன்னாள். அவள் கதை கேட்கும் வயதைத் தாண்டியிருந்தாள்.